ஒரே வாரம், ஒரே பகுதி: தோரா வாசிப்பு மரபின் வரலாறு

யூதர்கள் வாழும் எந்த நாட்டிலும், சனிக்கிழமை காலையில் ஜெப ஆலயத்தில் கூடியிருப்பவர்கள் முன் தோராச் சுருளை விரித்து ஒரு பகுதியை உரக்க வாசிக்கிறார்கள். மோசேயின் பெயரால் வழங்கும் ஐந்து நூல்களே தோரா: ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம். இவற்றை 54 பகுதிகளாகப் பிரித்து, ஓராண்டில் வாசித்து முடித்துவிடுவது வழக்கம். பகுதிக்கு பராஷா என்று பெயர். இலையுதிர் காலத்தில் வரும் கூடாரப் பண்டிகையின் நிறைவில், மோசேயின் மரணத்தைச் சொல்லும் கடைசிப் பகுதியை வாசித்த கையோடு உலகப் படைப்பைச் சொல்லும் முதல் பகுதியைத் தொடங்கிவிடுவார்கள். அந்த நாள்தான் சிம்ஹத் தோரா. சுருள்களைக் கையில் ஏந்தி ஆடிப்பாடிக் கொண்டாடும் திருநாள். இடைப்பட்ட ஒவ்வொரு வாரத்துக்கும் அதன் பகுதியே பெயராகிவிடும். நோவாவின் வாரம் என்றால் எது என்று எல்லோருக்கும் தெரியும். யூத மார்க்க ஆசிரியர்களான பழைய ரபிகளின் கடிதங்கள் பலவற்றில் கிழமைக்குப் பக்கத்தில் மாதமோ தேதியோ இருக்காது. அந்த வாரப் பகுதியின் பெயர் மட்டுமே இருக்கும். கடிதத்தைப் பெற்றவருக்கு அதுவே போதும்.

இந்த ஏற்பாடு மோசே காலத்திலிருந்தே இப்படித்தான் இருந்துவந்தது என்று தோன்றுவது இயல்பு. வரலாறு வேறு மாதிரி. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்புவரை யூத உலகில் இரண்டு வாசிப்பு முறைகள் அருகருகே வாழ்ந்தன. பாபிலோனிய யூதர்கள் தோராவை ஓராண்டில் வாசித்து முடித்தார்கள். பாலஸ்தீன யூதர்கள் மூன்று ஆண்டுகளோ அதற்கும் சற்று மேலாகவோ எடுத்துக்கொண்டார்கள். புண்ணிய பூமியில் வாழ்ந்தவர்களின் முறை மறைந்தது. அந்நிய மண்ணில் வாழ்ந்தவர்களின் முறை உலகெங்கும் நிலைபெற்றது. ஏன் அப்படி நடந்தது? பாபிலோனிய ரபிகளின் அதிகாரமே காரணம் என்பது வழக்கமான விடை. அது பாதி உண்மை. சிதறி வாழ்ந்த ஒரு சமூகம் ஒரே வாரத்தில் ஒரே பகுதியை வாசிக்கும் ஒருமையை ஓராண்டு முறை அளித்தது. நிதானமான வாசிப்பைக் காட்டிலும், ஏன், தொடர்ச்சியான வாசிப்பைக் காட்டிலும்கூட அந்த ஒருமையை யூத சமூகம் பெரிதாக மதித்தது. மிச்சப் பாதி இதில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தோரா தன்னைப் பற்றிச் சொல்லும் இடத்திலிருந்து தொடங்குவோம். ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை, கூடாரப் பண்டிகையின்போது, ஆண்கள், பெண்கள், குழந்தைகள், ஊரில் தங்கியிருக்கும் அந்நியர்கள் என அனைவரையும் கூட்டி அவர்கள் கேட்கும்படி வாசிக்க வேண்டும் என்கிறது உபாகமத்தின் 31ஆம் அதிகாரம். வாராந்தர வாசிப்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நெகேமியாவின் நூல், பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பிய மக்கள் முன் எஸ்றா வாசித்ததை விவரிக்கிறது: எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன் மரமேடை அமைத்து, விடியற்காலை முதல் நண்பகல் வரை வாசிக்க, லேவியர்கள் பொருள் விளக்கினார்கள். அதுவும் ஏழாம் மாதத்தில் நடந்த ஒரு சிறப்பு நிகழ்ச்சி. கி.பி. முதல் நூற்றாண்டுக்கு வரும்போது நிலைமை மாறிவிட்டது. வாரந்தோறும் வேலையை விட்டுவிட்டு ஒன்றுகூடிச் சட்டத்தைக் கேட்கும்படி மோசே கட்டளையிட்டார் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் பெருமையோடு எழுதுகிறார். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஃபைலோ, ஓய்வுநாளில் மக்கள் வரிசையாக அமர்ந்திருக்க, ஆசாரியரோ மூத்தவரோ வாசித்து விளக்கம் சொன்னதைக் குறிப்பிடுகிறார். அப்போஸ்தலருடைய நடபடிகள் நூலும் ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயங்களில் மோசேயின் நூல் வாசிக்கப்படுவதை எல்லோருக்கும் தெரிந்த செய்தியாகவே சொல்கிறது.

இவையெல்லாம் ஏட்டுச் சான்றுகள். 1913இல் ரேமோன் வெய் என்பவர் எருசலேமின் பழைய தாவீது நகரப் பகுதியில் அகழாய்வு செய்தபோது, ஒரு நீர்த்தொட்டிக்குள் சுண்ணாம்புக் கல் ஒன்று கிடைத்தது. அதில் கிரேக்க எழுத்தில் பத்து வரிகள். வெத்தேனோஸின் மகனான தியோதோத்தோஸ் என்ற ஆசாரியர் அந்த ஜெப ஆலயத்தைக் கட்டியதை அது அறிவிக்கிறது. அவரும் ஜெப ஆலயத் தலைவர், அவருடைய தந்தையும் தலைவர், பாட்டனாரும் தலைவர். கட்டியது எதற்காக என்பதையும் கல் சொல்கிறது: சட்டத்தை வாசிப்பதற்கும் கட்டளைகளைக் கற்பிப்பதற்கும். வெளியூரிலிருந்து வருவோர் தங்க அறைகளும் தண்ணீர் வசதியும் அமைத்த செய்தியும் உண்டு. தொழுகையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அறிஞர்கள் பெரும்பாலோர் இந்தக் கல்லை கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிபடுவதற்கு முந்தையது என்கிறார்கள். பலிபீடத்தில் நெருப்பு எரிந்துகொண்டிருந்த நாளிலேயே, அதே நகரத்தில் வாசிப்புக்கென்று தனிக் கட்டடம் இருந்திருக்கிறது. தலைமுறைக் கணக்கைப் பார்த்தால், அந்தப் பொறுப்பு பாட்டன் காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்தில் தொடர்ந்திருக்கிறது.

ஆக, வாரம்தோறும் வாசிக்கும் வழக்கம் பழையது. ஆனால் எந்த வாரம் எதை வாசிப்பது என்ற ஒழுங்கு அன்றைக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, வாசிப்போரின் எண்ணிக்கையை வரையறுக்கிறது: ஓய்வுநாள் காலையில் ஏழு பேர், அன்று பிற்பகலிலும் திங்கள், வியாழன் காலைகளிலும் மூன்று பேர், ஒருவர் மூன்று வசனங்களுக்குக் குறையாமல் வாசிக்க வேண்டும். 54 பகுதிகளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்தக் காலத்து ரபிகள் இருவருக்கிடையே நடந்த ஒரு விவாதம் இதைத் தெளிவாக்குகிறது. ஓய்வுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்து பிற்பகலில் தொடர வேண்டும், அங்கே விட்ட இடத்திலிருந்து திங்களன்று, பின் வியாழனன்று, பின் அடுத்த ஓய்வுநாள் என்றார் ரபி மேயிர். ஓய்வுநாள் காலையில் விட்ட இடத்திலிருந்துதான் அடுத்த ஓய்வுநாள் காலையிலும் தொடங்க வேண்டும் என்றார் ரபி யூதா. தோராவில் 5,845 வசனங்கள். ஏழு பேர் தலா மூன்று வசனம் என்ற குறைந்தபட்ச அளவில், யூதாவின் முறைப்படி முடிக்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மற்ற மூன்று வாசிப்புகளுக்கு, மிஷ்னாவை விளக்கும் பெருநூலான தல்மூத் சொல்லும் குறைந்தபட்ச அளவான பத்து வசனங்களையும் சேர்த்துக்கொண்டால், மேயிரின் முறைப்படி இரண்டே கால் ஆண்டில் முடிந்துவிடும். வாரப் பகுதிகள் முன்பே நிர்ணயிக்கப்பட்டிருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்வது மட்டுமே விதி. ஒரு நாளில் எவ்வளவு தூரம் போவது என்பது ஊர் விருப்பம்.

தோராச் சுருளே இதற்கு இன்னொரு சாட்சி. தோல் தாள்களைத் தைத்து இணைத்து, இரு முனையிலும் மர உருளைகள் பொருத்திய சுருள் அது. அதில் உயிர்க்குறிகள் இல்லை, இசைக்குறிகள் இல்லை, வசன எண்கள் இல்லை. பத்தி முடிவதைக் காட்ட இருவகை இடைவெளிகள் மட்டும் உண்டு. எழுத்தர் அவற்றை இம்மி பிசகாமல் விட்டாக வேண்டும், தவறினால் சுருள் வாசிப்புக்கு ஆகாது. ஆனால் வாரப் பகுதி இங்கே தொடங்குகிறது என்பதற்கு அதில் எந்த அடையாளமும் கிடையாது. பெரும்பாலான பகுதிகள் ஏதாவது ஒரு பத்தியின் தொடக்கத்தோடு பொருந்திவிடுகின்றன. ஆதியாகமத்தின் கடைசிப் பகுதி, யாக்கோபின் இறுதி நாட்களைச் சொல்வது, அதற்குக்கூட வழியில்லாமல் முந்தைய வரியோடு ஒட்டியபடியே தொடங்குகிறது. வாசிப்பவர் அந்த இடத்தை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். புனிதமாகக் காக்கப்பட்ட சுருள் ஒன்று. அதன்மேல் பின்னாளில் போர்த்தப்பட்ட வாசிப்பு ஒழுங்கு வேறு.

அந்த ஒழுங்கு பாலஸ்தீனத்தில் ஒரு வடிவமும் பாபிலோனியாவில் இன்னொரு வடிவமும் எடுத்தது. மேற்கே உள்ளவர்கள், அதாவது பாலஸ்தீனத்தார், தோராவை மூன்று ஆண்டுகளில் முடிக்கிறார்கள் என்று பாபிலோனியத் தல்மூத்தின் மெகில்லா பகுதி போகிறபோக்கில் குறிப்பிடுகிறது. பழைய எபிரேய ஏடுகளில் அந்தச் சிறு பகுதிகளின் பட்டியல்கள் கிடைக்கின்றன. ஒன்றில் 141, ஒன்றில் 154, இன்னொன்றில் 167. இரு தேசத்து வழக்கங்களின் வேறுபாடுகளைத் தொகுத்த ஒரு பழைய நூல், கீழை நாட்டார் சிம்ஹத் தோராவை ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள், பாலஸ்தீனத்தாரோ மூன்றரை ஆண்டுக்கு ஒருமுறை கொண்டாடுகிறார்கள் என்கிறது. அதைவிட முக்கியமான ஒரு செய்தியும் அதில் உண்டு: பாலஸ்தீனத்தில் ஒரு வட்டாரத்தில் வாசிக்கும் பகுதியை அதே நாளில் அடுத்த வட்டாரத்தில் வாசிப்பதில்லை. 1893இல் அடோல்ஃப் பியூக்லர் இந்த மூன்றாண்டு முறைக்கு நிலையான ஒரு தொடக்க நாள் இருந்தது என்று வாதிட்டு, பகுதிகளை மாதங்களோடு பொருத்திக் காட்ட முயன்றார். 1968இல் யோசேப் ஹைனமன் அதை மறுத்தார்: எங்கும் ஒரே மாதிரியான மூன்றாண்டு முறை என்று ஒன்று இருந்ததே இல்லை என்றார். பட்டியல்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது ஹைனமன் பக்கமே நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. பாலஸ்தீனத்தில் தோராவின் ஓட்டம் ஊருக்கு ஊர் தன் போக்கில் நடந்தது.

அந்த நிதானத்தில் விளைந்த செல்வத்தைச் சாதாரணமாக எண்ணிவிட முடியாது. வாரத்துக்கு 38 வசனம் என்ற அளவில் வாசித்தால் ஒரு சிறு காட்சியை, ஒரு சட்டத்தை, ஒரு உரையாடலை முழுமையாக எடுத்துப் பேச முடியும். லேவியராகமம் போன்ற ஒரு நூலின்மேல் 37 அதிகாரங்கள் கொண்ட அருளுரைத் தொகுப்பு, லேவியராகம ரப்பா, பாலஸ்தீனத்தில் பிறந்தது இந்தச் சூழலில்தான். ஆறாம் நூற்றாண்டை ஒட்டிப் பாலஸ்தீனத்தில் வாழ்ந்த யன்னாய் என்ற புலவர், அந்த முறையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தொழுகைப் பாடல் தொடர் இயற்றினார். அன்றைய பகுதியின் முதல் வசனங்களையும் தோராவை அடுத்து வாசிக்கும் தீர்க்கதரிசிகள் பகுதியின் தொடக்கத்தையும் பாடலுக்குள் இழைத்தார். மூன்றாண்டு முறை அழிந்ததும் அந்தப் பாடல்களுக்குப் பாடும் நாள் இல்லாமல் போயிற்று. சில நூற்றாண்டுகளில் அவர் பெயர் ஏறத்தாழ மறைந்தே போனது. கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத்தின் பென் எஸ்றா ஜெப ஆலயத்தில், தேய்ந்த ஏடுகளைப் போட்டுவைக்கும் கெனிசா அறையிலிருந்து 1896-97இல் சாலமன் ஷெக்டர் ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் சில தோல் ஏடுகளில் இரண்டு அடுக்கு எழுத்து இருந்தது. அடியில், சுரண்டி அழிக்கப்பட்ட நிலையில், அக்கிலா என்பவர் செய்த பைபிளின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து ராஜாக்களின் நூல். மேலே எபிரேயத்தில் யன்னாயின் பாடல்கள். கிரேக்கத்தை 1897இல் பர்க்கிட் வெளியிட்டார். மேலடுக்கின் எபிரேயத்தை 1919இல் இஸ்ரேல் டேவிட்சன் வெளியிட்டார். ஒரு வாசிப்பு முறையின் மறைவு ஒரு பெரும் புலவரையே பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் தள்ளியிருந்தது.

இதற்கு எதிரே பாபிலோனிய முறையை வைத்துப் பாருங்கள். 5,845 வசனங்களை 54 பகுதிகளாக்கினால் சராசரி 108 வசனங்கள். எண்ணாகமத்தின் நாசோ என்ற பகுதியில் 176 வசனங்கள் உண்டு. அன்றைய வழக்கப்படி ஒவ்வொரு வசனத்தையும் வாசித்தவுடன் ஒருவர் நின்று அதை அரமேய மொழியில் சொல்ல வேண்டும். ஒரு வசனத்துக்குமேல் சேர்த்து மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கக் கூடாது என்பது மிஷ்னாவின் விதி. கேட்பவர்களுக்கு இது நீண்ட காலை. ஆழ்ந்து கேட்கவும் விளக்கம் சொல்லவும் மூன்றாண்டு முறையே தோதானது. சுமை குறைந்ததும் அதுவே. ஆகவே ஓராண்டு முறை வசதியால் வென்றது என்று சொல்ல வழியில்லை. அதன் பலம் வேறு இடத்தில் இருந்தது: ஓராண்டுக்குள் முடிவதால் மட்டுமே அதை நாட்காட்டியோடு கட்டிப்போட முடிந்தது.

அந்தக் கட்டு எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். யூத நாட்காட்டி சந்திர மாதங்களைக் கொண்டது. பருவம் தவறாமலிருக்க 19 ஆண்டுகளில் ஏழு முறை பதின்மூன்றாம் மாதம் சேரும். ஆகவே ஒரு சாதாரண ஆண்டில் 353 முதல் 355 நாட்கள், நீண்ட ஆண்டில் 383 முதல் 385 நாட்கள். கடைசிப் பகுதியைச் சிம்ஹத் தோராவன்று வாசித்துவிடுவதால், ஓய்வுநாட்களுக்கு உரியவை 53. சாதாரண ஆண்டில் அத்தனை ஓய்வுநாட்கள் கிடைப்பதில்லை. பண்டிகை ஓய்வுநாளில் விழுந்தால் அன்றைய வாசிப்பு வேறு. இதற்காக ஏழு இணைகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தேவைப்படும் ஆண்டில் இணையின் இரு பகுதிகளையும் ஒரே நாளில் வாசிப்பார்கள். எப்போது இணைப்பது, எப்போது பிரிப்பது என்பதற்கு நிலைத் தூண்கள் போல விதிகள் உண்டு. எண்ணாகமத்தின் தொடக்கம் வாரங்களின் பண்டிகைக்கு முன் வர வேண்டும். ஆலயம் இடிந்த துக்க நாளான ஆவ் மாதம் 9ஆம் நாளுக்குப் பிந்திய ஓய்வுநாளில் உபாகமத்தின் இரண்டாம் பகுதி வர வேண்டும். உபாகமத்தின் நிட்சாவிம் பகுதி புத்தாண்டுக்கு முன் வர வேண்டும். சட்ட அறிஞர் மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் இவற்றைப் பரவலான வழக்கமாகவே பதிவு செய்கிறார். நாட்காட்டி ஒன்றாக இருந்தால் மட்டுமே இது நடக்கும். 922இல் பாலஸ்தீனத்தின் பென் மேயிர் ஒரு கணக்கையும், பாபிலோனியர் சார்பில் சாதியா இன்னொரு கணக்கையும் முன்வைக்க, யூதர்கள் பஸ்காவை இரண்டு நாள் வித்தியாசத்தில் கொண்டாட நேர்ந்தது. அந்தச் சண்டையில் சாதியாவின் பக்கம் வென்று நாட்காட்டி ஒன்றாயிற்று. வாசிப்பு ஒன்றாவதற்கான தரையும் அதோடு உறுதிப்பட்டது.

இரண்டு முறைகளும் நேருக்கு நேர் நின்ற இடம் ஃபுஸ்தாத். 1170ஐ ஒட்டி அங்கே வந்த துதேலா ஊர்ப் பயணி பெஞ்சமின், அந்நகரில் இரண்டு ஜெப ஆலயங்களைக் கண்டார்: ஒன்று பாலஸ்தீனத்தாருடையது, மற்றது ஈராக்கியருடையது. ஈராக்கியர் வாரம் ஒரு பகுதி வாசித்து ஆண்டுக்கு ஒருமுறை முடிக்கிறார்கள். பாலஸ்தீனத்தார் ஒவ்வொரு பகுதியையும் மூன்றாகப் பிரித்து மூன்றாண்டில் முடிக்கிறார்கள் என்று எழுதிய அவர், சிம்ஹத் தோராவன்றும் தோரா அருளப்பட்ட நாளன்றும் இரு சாராரும் சேர்ந்தே தொழுகிறார்கள் என்பதையும் குறித்திருக்கிறார். அதே நகரில் வாழ்ந்த மைமோனிடிஸ், மூன்றாண்டில் முடிப்பவர்களும் உண்டு, ஆனால் அது பரவலான வழக்கமில்லை என்று தம் சட்டத் தொகுப்பில் முடித்துவிடுகிறார். அவருடைய மகன் ஆபிரகாம் பாலஸ்தீன வழக்கங்களை ஒழிக்க முனைந்தபோது, 1211இல் பாலஸ்தீன ஆலயத்தார் தங்கள் மரபைக் கைவிட மாட்டோம் என்று உறுதி எடுத்து எழுதிய ஆவணம் கெனிசாவில் கிடைத்திருக்கிறது. அந்த உறுதி நெடுநாள் தாங்கவில்லை. கையெழுத்திட்டவர்களின் ஆலயம்தான் பென் எஸ்றா. தோற்ற முறையின் சான்றுகளை அதன் பழைய ஏட்டறையே காப்பாற்றித் தந்தது.

இங்கே எழும் முதல் மறுப்பு அதிகாரத்தைப் பற்றியது. சூரா, பும்பெதிதா என்ற இரு பெரும் கல்விக்கூடங்களின் தலைவர்களான கேயோன்கள், அப்பாசியப் பேரரசின் தலைநகர் பாக்தாத்தின் நிழலில் இருந்துகொண்டு, ஸ்பெயின் முதல் ஏமன் வரை கேள்விகளுக்கு விடை எழுதினார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ரவ் அம்ராம் ஸ்பெயினுக்கு ஒரு தொழுகை முறை நூலையே அனுப்பினார். அவர்கள் தல்மூத் சென்ற இடமெல்லாம் அவர்கள் வழக்கமும் சென்றது. இதில் வியப்பென்ன என்று கேட்கலாம். முறை பரவியதற்கு இது சரியான விளக்கம். நிலைத்ததற்கு இது போதாது. 1038இல் ஹாய் கேயோன் இறந்தபின் அந்த மையம் சாய்ந்தது. பிறகு ஜெர்மனி, பிரான்சு, ஸ்பெயின், ஏமன் யூதர்கள் தொழுகைச் சொற்களில், உணவு விதிகளில், உச்சரிப்பில், பாட்டு மெட்டில் தங்களுக்குள் எத்தனையோ விதத்தில் பிரிந்தார்கள். தீர்க்கதரிசிகள் வாசிப்பில்கூட, அதே வாரத்துக்கு ஒரு சமூகம் ஒரு அதிகாரத்தையும் இன்னொரு சமூகம் வேறொன்றையும் எடுத்துக்கொள்வது இன்றுவரை உண்டு. தோராவின் வாரப் பகுதியில் மட்டும் யாரும் பிரியவில்லை. கட்டளையிட ஆளில்லாத காலத்திலும் ஒன்று குலையாமல் நின்றதென்றால், அது அதைக் கைக்கொண்டவர்களின் தேவையிலிருந்து நின்றது என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, மூன்றாண்டு முறையின் மறைவு வெறும் விபத்து என்பது. 1099இல் சிலுவைப் போர்வீரர்கள் எருசலேமைக் கைப்பற்றி அங்கிருந்த யூதர்களைக் கொன்று குவித்தார்கள். பாலஸ்தீனச் சமூகங்கள் நொடித்தன. ஆதரிக்க ஆளில்லாமல் அவர்கள் வழக்கமும் போயிற்று. இந்தத் துயரத்தின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் எகிப்தில் அந்த முறை அதற்குப் பின்னும் நூறாண்டுக்கு மேல் உயிரோடிருந்தது. ஆகவே அது எப்படி மெலிந்தது என்பதை அங்கே பார்க்கலாம். பெஞ்சமின் சொன்ன அந்தக் கூட்டுத் தொழுகையைக் கவனியுங்கள். மூன்றாண்டில் முடிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் சிம்ஹத் தோரா கொண்டாட வாசிப்பு வழியில் காரணமே இல்லை; அவர்கள் தோரா அன்றைக்கு நடுவழியில் நிற்கும். இருந்தும் அண்டை ஆலயத்தாரோடு சேர்ந்து நின்று மகிழ்ந்தார்கள். தம் வாசிப்பைத் தம் வேகத்தில் நடத்திக்கொண்டே, எல்லோரோடும் ஒரே நாளில் முடித்துத் தொடங்கும் ஆசையையும் அவர்களால் விட முடியவில்லை. வெளியிலிருந்து வந்த நெருக்குதலுக்கு முன்பே இந்த ஈர்ப்பு உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது.

மூன்றாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: நீங்கள் சொல்லும் ஒருமை முழுமையானதே இல்லையே? உண்மைதான். இஸ்ரேலில் பஸ்கா ஏழு நாள், வெளிநாடுகளில் எட்டு நாள். எட்டாம் நாள் ஓய்வுநாளில் விழுந்தால், வெளிநாட்டவர் பண்டிகை வாசிப்பில் இருக்கும்போது இஸ்ரேலியர் அடுத்த வாரப் பகுதிக்குப் போய்விடுகிறார்கள். 2022இல் அப்படித்தான் நடந்தது. ஏப்ரல் 23 அன்று இரு சாராரும் பிரிந்தார்கள். மூன்று மாதத்துக்கு மேலாக ஒரு வாரம் முன்பின்னாகவே வாசித்தார்கள். ஜூலை 30 அன்று, எண்ணாகமத்தின் கடைசி இரு பகுதிகளை வெளிநாட்டவர் இணைத்து வாசிக்க, இஸ்ரேலியர் கடைசிப் பகுதியை மட்டும் தனியே வாசித்து, இருவரும் மறுபடி ஒன்றானார்கள். விலகல் இருக்கிறது என்பதைவிட, அதற்கு ஒரு முடிவுத் தேதி எப்போதும் இருக்கிறது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. இணைக்கும் பகுதிகள், தூண் விதிகள் எல்லாம் பிரிந்தவர்களை மீண்டும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவரும் கருவிகள். பழைய பாலஸ்தீனத்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் இருந்த வேறுபாட்டைச் சரிசெய்ய எந்த விதியும் எழவில்லை. அங்கே அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

ஒருமை வந்தபின் அதன்மேல் என்னென்ன கட்டப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் சபையோடு சேர்ந்து தம் பகுதியை முடிக்க வேண்டும், மூலத்தை இருமுறையும் மொழிபெயர்ப்பை ஒருமுறையும் படிக்க வேண்டும் என்கிறது தல்மூத். சபையின் வாரம் தனிமனிதரின் வாரமும் ஆயிற்று. பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷி (1040–1105) எழுதிய உரை, இந்த வாராந்தரப் படிப்பின் பிரிக்க முடியாத பாகமாகி, மொழிபெயர்ப்பின் இடத்தில் அதைப் படித்தாலும் போதும் என்னும் அளவுக்கு மதிப்புப் பெற்றது. தேதியிட்டு அச்சான முதல் எபிரேய நூல் 1475இல் ரெஜ்ஜோ கலாப்ரியாவில் வெளிவந்த அந்த உரைதான். எபிரேயம் கற்க வாய்ப்பில்லாத பெண்களுக்காக, யானூவ் ஊர் யாக்கோபு பென் ஈசாக் இத்திஷ் மொழியில் எழுதிய த்செனா உரேனா என்ற நூல் வாரப் பகுதி வரிசையிலேயே அமைந்தது. இன்று கிடைக்கும் மிகப் பழைய பதிப்பு 1622ஆம் ஆண்டுடையது. பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்தன. 1730இல் இஸ்தான்புல்லில் யாக்கோபு குலி லதினோ மொழியில் தொடங்கிய மெயம் லோயெஸ் என்ற உரையும் பகுதி வரிசையையே பின்பற்றியது. போலந்தின் சிற்றூரில் ஒரு தாயும் துருக்கியில் ஒரு வணிகரும் அந்த வாரம் ஆபிரகாம் தன் ஊரை விட்டுப் புறப்பட்ட கதையையே படித்துக்கொண்டிருந்தார்கள். அச்சகத்தார் நம்பி முதல் போட முடிந்தது, உரையாசிரியர்கள் ஒருவருக்கொருவர் தலைமுறை கடந்து பதில் சொல்ல முடிந்தது, இந்தப் பொது வாரம் இருந்ததால்தான்.

இழப்பும் உண்மையானது என்பதைச் சொல்லியாக வேண்டும். யன்னாயின் பாடல்கள் போயின. சிறு பகுதியோடு ஒரு வாரம் முழுக்க வாழும் பொறுமை போயிற்று. ஊருக்கு ஊர் தனக்கென்று ஒரு நடை வைத்துக்கொள்ளும் உரிமை போயிற்று. லேவியராகமத்தின் பலிச் சட்டங்களை ஒரே மூச்சில் நூறு வசனம் கேட்கும் சபையில் எத்தனை பேர் மனம் ஒன்றிக் கேட்கிறார்கள் என்ற கேள்வியை 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் சீர்திருத்த ரபிகள் எழுப்பினார்கள். பழைய மூன்றாண்டு முறைக்குத் திரும்பலாம் என்ற பேச்சும் அவர்களிடம் எழுந்தது. அந்தக் கேள்வி நேர்மையானது. அதற்குப் பின்னாளில் கிடைத்த விடையே நம் வாதத்தின் வலுவான சான்று. அமெரிக்காவின் கன்சர்வேடிவ் யூத இயக்கத்தின் சட்டக் குழு 1988இல் மூன்றாண்டு வாசிப்புக்கு ஒரு முழுத் திட்டத்தை ஏற்றது. அது பழைய பாலஸ்தீன முறை இல்லை. அந்தந்த வாரத்துக்குரிய அதே பகுதியில், முதல் ஆண்டு ஏறத்தாழ முதல் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் ஆண்டு நடுப்பங்கு, மூன்றாம் ஆண்டு கடைசிப் பங்கு என்பது அதன் ஏற்பாடு. இதனால் வாசிப்பின் தொடர்ச்சி ஒவ்வொரு வாரமும் அறுபடுகிறது. கதையின் நடுவே தொடங்கி நடுவே நின்று, அடுத்த வாரம் வேறிடத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்ற, மேயிரும் யூதாவும் ஒப்புக்கொண்ட ஒரே விதி இங்கே கைவிடப்பட்டது. எதற்காக? ஓராண்டு முறையைப் பின்பற்றும் அடுத்த தெரு ஆலயத்தின் வாரமும் தங்கள் வாரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக.

பழைய மூன்றாண்டு முறையில் தொடர்ச்சி இருந்தது, ஒருமை இல்லை. புதிய மூன்றாண்டு முறையில் ஒருமை இருக்கிறது, தொடர்ச்சி இல்லை. இரண்டில் ஒன்றையே காப்பாற்ற முடியும் என்ற நிலையில், கேயோன்களின் அதிகாரமும் இல்லாமல், சிலுவைப் போரின் அழிவும் இல்லாமல், முழுச் சுதந்திரத்தோடு முடிவெடுத்தவர்களும் ஒருமையையே தேர்ந்தார்கள். பாபிலோனிய முறையின் வெற்றிக்கு உண்மையான காரணம் எது என்பதை இந்தத் தேர்வு காட்டிக்கொடுக்கிறது. தியோதோத்தோஸ் காலத்தில் எருசலேம் ஆலயமே யூதர்களுக்குப் பொது மையம். அது இருக்கும்வரை எந்த ஊர் எதை வாசித்தாலும் பாதகமில்லை. ஆலயமும் நாடும் போனபின், சேர்ந்து நிற்க ஒரு இடம் இல்லாத மக்கள் சேர்ந்து நிற்க ஒரு வாரத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக அவர்கள் நிதானத்தையும் நல்ல பாடல்களையும் விலையாகக் கொடுத்தார்கள். விலை பெரிதுதான். ஆனால் மன்னரும் படையும் தலைமைக் குருவும் இல்லாமல், நாடுகள் மாறியும் மொழிகள் மாறியும் பல நூற்றாண்டுகளாக ஒரு மக்கள் ஒரே பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். ஒரு வாசிப்புப் பட்டியல் ஒரு சமூகத்துக்கு இதைவிடப் பெரிய பணி எதையும் செய்துவிட முடியாது.